பழைய லுட்விக் செட்: இரண்டு விற்பனையாளர்கள், ஒரே கோரிக்கை

பின்னணி

பழைய லுட்விக் டிரம் செட் ஒன்றை வாங்கிய இந்த நிகழ்வு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2023 அக்டோபரில் தொடங்கி 2024 மே மாதம் வரை நடந்தது. வாங்கியவர் என் நண்பர். நாகர்கோவில்காரர், சர்ச்சில் டிரம்ஸ் வாசித்துப் பழகிய கை. இப்போது கணினி வேலை. வார இறுதிகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஆளையும் ஊரையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

இதில் நான் இரண்டு இடத்தில் வருகிறேன். முதல் முயற்சியில் பணம் போன பிறகு விசாரித்தவன். இரண்டாவதில் பெட்டியைப் பிரிக்கும்போது ஸ்க்ரூடிரைவரோடு பக்கத்தில் நின்றவன். அதனால் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. முதல் பேரத்தின்போது என்னைக் கேட்டிருந்தாலும் தடுத்திருப்பேனா என்பதும் சந்தேகம்தான். படங்களைப் பார்த்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அவர் ஒதுக்கி வைத்திருந்த தொகை 3,000 டாலர். அதற்குள் 1960களின் லுட்விக் செட் ஒன்று வேண்டும். வீட்டில் வைத்து அழகு பார்க்க இல்லை, மேடையில் வாசிக்க.

வாங்க நினைத்த பொருள்

அவர் தேடியது சூப்பர் கிளாசிக் என்ற செட்: காலால் மிதித்து அடிக்கும் 22 அங்குல பேஸ் டிரம், அதன் மேல் பொருத்தும் 13 அங்குல டாம், தரையில் தன் கால்களில் நிற்கும் 16 அங்குல ஃப்ளோர் டாம். லுட்விக் அப்போது சிகாகோவில் இருந்த தொழிற்சாலை. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் வாசித்தார்கள். ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்த அந்த ஒளிபரப்பில், அவர்களுடைய டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் பேஸ் டிரம் முகப்பில் லுட்விக் பெயர் பெரிதாகத் தெரிந்தது. அதன் பிறகு எவ்வளவு செய்து குவித்தும் தொழிற்சாலையால் ஆர்டருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தக் காலத்து லுட்விக் இன்றும் சந்தையில் தாராளமாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். ரிங்கோ வைத்திருந்த கறுப்பு ஆய்ஸ்டர் நிறத்துக்கு விலை தனி. நண்பர் அந்தப் பக்கமே போகவில்லை, சில்வர் ஸ்பார்க்கிள் போதும் என்றார்.

தாராளமாகக் கிடைக்கிறது என்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. அறுபது வருடத்தில் இந்த டிரம்கள் பல கைகள் மாறியவை. ஒரு செட்டின் டாம் இன்னொரு செட்டோடு சேர்ந்திருக்கும். எழுபதுகளில் இரட்டை டாம் வைக்க வேண்டும் என்று யாரோ பேஸ் டிரம்மில் புதிதாக ஓட்டை போட்டிருப்பார்கள். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை, அதாவது ராப்பை, உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருப்பார்கள். இதில் எதுவுமே மோசடி இல்லை. அன்றைக்கு அவை வெறும் பழைய டிரம்கள், அவ்வளவுதான். ஆனால் இன்றைக்கு ஒரே ஒரு கூடுதல் ஓட்டை கூட விலையில் நூற்றுக்கணக்கான டாலர் வித்தியாசம் காட்டும்.

அசலா இல்லையா என்று கண்டுபிடிக்கச் சில வழிகள் இருக்கின்றன. 1960களின் பெரும்பகுதியில் ஷெல்லின், அதாவது டிரம்மின் மர உடலின், உள்பக்கம் வெள்ளைப் பூச்சு இருக்கும். பல டிரம்களில் உள்ளே சிவப்பு மையில் தேதி முத்திரை இருக்கும். கீஸ்டோன் பேட்ஜில், அதாவது வெளியே மாட்டியிருக்கும் நிறுவனப் பெயர்த் தகட்டில், சீரியல் எண் இருக்கும். ஆனால் ஒரே செட்டின் மூன்று டிரம்களிலும் எண்கள் வரிசையாக இருக்க வேண்டியதில்லை. தொட்டியில் கைக்கு வந்த பேட்ஜை எடுத்து மாட்டிய தொழிற்சாலை அது. சில்வர் ஸ்பார்க்கிளுக்கு மட்டும் இன்னொரு நல்ல சோதனை உண்டு. வருடம் போகப்போக அதன் மேல் பூச்சு மஞ்சளடித்துப்போகும், வெள்ளி நிறம் ஷாம்பெயின் நிறமாகிவிடும். தோலை இழுத்துப் பிடிக்கும் திருகுகள் இறங்கும் உலோகத் துண்டுகளுக்கு லக் என்று பெயர். ஒரு லக்கைக் கழற்றிப் பார்த்தால், வெளிச்சம் படாத அந்த இடத்தில் ராப் இன்னமும் பளிச்சென்று வெள்ளியாகவே இருக்கும். சங்கிலியைக் கழற்றினால் கழுத்தில் தெரியும் தடம் மாதிரி. அந்தத் தடம் இல்லை என்றால், லக்கோ ராப்போ அங்கே ஆரம்பத்திலிருந்து இருந்ததில்லை.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தச் சோதனைகளில் முக்கால்வாசி டிரம் கைக்கு வந்து, தோலைக் கழற்றி, லக்கைக் கழற்றிய பிறகுதான் முடியும். பணமோ அதற்கு முன்பே போய்விடுகிறது.

முதல் முயற்சி

அக்டோபர் நடுவில் நண்பர் சமூக ஊடகத்தில் டிரம் விற்பனைக் குழு ஒன்றில் "தேவை" என்று விளம்பரம் போட்டார். என்ன மாடல், என்ன நிறம், எவ்வளவு கொடுக்கத் தயார் என்று எல்லாமே அதில் இருந்தது. மூன்று மணி நேரத்தில் ஒருவர் தனிச் செய்தி அனுப்பினார். தன்னிடம் இல்லை, ஆனால் தன் நண்பர் ஒருவர் இதே செட்டை விற்க நினைக்கிறார், இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள் என்றார்.

மின்னஞ்சல் போட்டார். பதில் மரியாதையாக வந்தது, எட்டுப் படங்களோடு. படங்கள் உண்மையான டிரம்மின் உண்மையான படங்கள்தான். விலை 1,900 டாலர், சந்தையை விடக் குறைவு, ஆனால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு இல்லை. இந்த இடத்தில் அந்த ஆளின் தொழில் தெரிந்த கையைக் கவனிக்க வேண்டும். 600 டாலர் என்று சொல்லியிருந்தால் யார் வேண்டுமானாலும் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

நண்பர் ஒன்றும் கேட்காமல் இருந்துவிடவில்லை. ஒரு தாளில் தன் பெயரையும் தேதியையும் எழுதி, டிரம் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வந்தது. தாள் டிரம் மேல் சாய்ந்து நிற்கிற மாதிரி இருந்தது. பின்னால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, தாளுக்கு நிழலே இல்லை. வீடியோவில் காட்ட முடியுமா என்று கேட்டதற்கு, அம்மா மருத்துவமனையில் இருக்கிறார், வாரக் கடைசியில் பார்க்கலாம் என்று பதில். கூடவே இன்னொரு வரி: நாளை ஒருவர் ரொக்கத்தோடு வருகிறார், 500 முன்பணம் வந்தால் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்.

பணம் அனுப்ப விற்பனையாளர் இரண்டே வழி சொன்னார். ஒன்று, பேபால் என்ற இணையப் பணச் சேவையில் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி முறை, அதாவது தெரிந்தவர்களுக்குப் பணம் அனுப்பும் வழி. இல்லையென்றால் வங்கிச் செயலியில் இருக்கும் உடனடிப் பரிமாற்றம். "கட்டணம் வீணாகப் போகும், அதை விலையில் குறைத்திருக்கிறேன்" என்றார். நண்பர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். பெறுபவர் இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு, மனைவியின் கணக்கு என்றார். 500 டாலர் போய்ச் சேர அரை நிமிடம் ஆகவில்லை.

பணம் போன பிறகு

இரண்டு நாள் கழித்து ஒரு சரக்கு நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. பெட்டிகள் தயார், காப்பீட்டுக்கு 240 டாலர் கட்ட வேண்டும், பெட்டி கைக்கு வந்ததும் அந்தத் தொகை திரும்பக் கிடைக்கும் என்று. அன்று இரவுதான் என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, டிரம் அனுப்புறவன் காப்பீட்டைக் கட்டுவானா, வாங்குறவன் கட்டுவானா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அவருக்கே விடை தெரிந்திருந்தது.

எட்டுப் படங்களையும் ஒவ்வொன்றாகப் படத் தேடலில் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது படம் மாட்டிக்கொண்டது. இரண்டு வருடம் முன்பு வேறொருவர் வேறொரு மாநிலத்தில் விற்று முடித்த செட். அதே தரைவிரிப்பு, அதன் ஓரத்தில் அதே காப்பிக் கறை. இந்தத் தேடலுக்கு ஆன நேரம் பத்து நிமிடம் இருக்கும். பணம் அனுப்புவதற்கு முன்பு செய்திருக்கலாம்தான். அதைச் சொல்லி அவரை நோகடிக்க எனக்கு மனமில்லை.

அந்த 240 டாலரைக் கட்டவில்லை. மறுநாள் வங்கிக்குப் போனார். உங்கள் அனுமதி இல்லாமல் யாராவது கணக்கிலிருந்து எடுத்திருந்தால் சட்டப்படி எங்களுக்குப் பொறுப்பு உண்டு, இது நீங்களே கடவுச்சொல் போட்டு அனுப்பியது என்றார்கள். அமெரிக்காவில் மின்னணுப் பரிமாற்ற விதிகள் பொதுவாக இந்தக் கோட்டைத்தான் கிழிக்கின்றன: அனுமதி இல்லாமல் போனதற்குப் பாதுகாப்பு உண்டு, ஏமாந்து நாமே அனுப்பியதற்குப் பெரும்பாலும் இல்லை. எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் ஃபெடரல் டிரேட் கமிஷனிலும் புகார் பதிவு செய்தார். படங்களின் உண்மையான சொந்தக்காரருக்கும் தகவல் சொன்னார். 500 டாலர் திரும்பி வரவில்லை.

இரண்டாவது விற்பனையாளர்

மூன்று மாதம் அவர் டிரம் பேச்சே எடுக்கவில்லை. 2024 ஜனவரிக் கடைசியில் பென்சில்வேனியாவின் மேற்குக் கோடியில் இருந்து ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. இந்த முறை விளம்பரம் போட்டது விற்பவர். வயதானவர். இறந்துபோன அண்ணனின் டிரம் செட், எழுபதுகளில் வாங்கியது, வீட்டு அடித்தளத்தில் முப்பது வருடமாகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தார். சில்வர் ஸ்பார்க்கிள், 22, 13, 16. "எல்லாமே அசல்" என்று ஒரு வாசகம்.

வீடியோவில் பேச முடியுமா என்று கேட்டதும் அன்று மாலையே வந்தார். போனைப் பேத்தி பிடித்துக்கொள்ள, இவர் டிரம்களைச் சுற்றிக் காட்டினார். தோல் திருகுகளைத் திருப்பும் டிரம் சாவியைப் பேட்ஜ் மேல் வைக்கச் சொன்னோம், வைத்தார். பேஸ் டிரம் முன் தோலைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். வெள்ளைப் பூச்சு, சிவப்பு முத்திரை, 1965 என்று தெளிவாகத் தெரிந்தது. டாமிலும் அப்படியே. ஃப்ளோர் டாமின் தோல் திருகுகள் இறுகிப்போய்க் கழலவில்லை. பரவாயில்லை என்று விட்டோம். நாங்கள் விட்ட இடம் அதுதான்.

விலை 2,600, மூன்று பெட்டியாக அனுப்ப 200, ஆக 2,800 டாலர். எல்லாம் பேசி முடித்த பிறகு பெரியவர் சொன்னார்: பேபால் என்றால் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலியாக அனுப்புங்கள், இல்லையென்றால் ஒரு காசோலை போதும்.

நண்பர் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அக்டோபரில் கேட்ட அதே கோரிக்கை.

எந்த வழியில் பணம்

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். முதல் ஆள் திருடன். இரண்டாமவர் திருடன் இல்லை, அது எங்களுக்கு ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்திருந்தது. ஆனால் கேட்பது ஒன்றையே. பெரியவருக்கு அதற்கு அவருடைய நியாயம் இருந்தது: கட்டணம் போகிறது, வருடக் கடைசியில் வரிப் படிவம் எதுவும் வந்து தொலைக்குமோ என்ற பயம், வாங்குகிறவன் டிரம்மை வாங்கிக்கொண்டு பணத்தையும் திரும்பப் பிடுங்கிவிடுவான் என்று யாரோ சொன்ன கதை. அந்தக் கதையும் பொய் இல்லை; அப்படி நடப்பதும் உண்டு.

ஆள் நல்லவர் என்றால் எந்த வழியில் அனுப்பினால் என்ன என்று ஒரு வாதம் உண்டு. நண்பரின் மனைவி அதைத்தான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் நல்லவர் என்பதும் டிரம் அசல் என்பதும் வெவ்வேறு கேள்விகள். அந்த டிரம்மை அவரே வாங்கவில்லை, அண்ணன் வாங்கியது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி என்பது கைமாற்றுக்கும் மொய்க்கும் உள்ள வழி. அதில் போன பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பொருள் விற்க அந்த வழியைக் கேட்பது பேபாலின் விதிகளுக்கும் எதிரானது. பொருள் வாங்குவதற்கென்றே உள்ள குட்ஸ் அண்ட் சர்வீசஸ் முறையில் அனுப்பினால், பொருள் வராவிட்டாலும், சொன்னதற்கு மாறாக வந்தாலும், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் முறையிடலாம். லக்கைக் கழற்றிப் பார்க்க 180 நாள் தாராளம்.

வேறு இரண்டு வழிகளையும் யோசித்தோம். நேரில் போய்ப் பார்த்து ரொக்கம் கொடுப்பது உண்மையில் எல்லாவற்றையும் விட நல்லது. ஆனால் காரில் ஒரு பக்கத்துக்கே ஐந்தரை, ஆறு மணி நேரம். பிப்ரவரிப் பனியில் மலை தாண்டிப் போக வேண்டும். பொருள் கைக்கு வரும்வரை பணத்தை மூன்றாம் ஆளாக வைத்திருக்கும் தனியார் எஸ்க்ரோ சேவையில் நிறுத்தி வைக்கலாம் என்றார் நண்பர். அந்தச் சேவை உண்மையானதா என்று சோதிப்பது இன்னொரு வேலையாகிவிடும் என்பதால் வேண்டாம் என்றேன். போலி எஸ்க்ரோ தளங்களும் இந்தச் சந்தையில் பழைய சரக்குதான்.

கடைசியில் நண்பர் பெரியவரிடம் நேராகவே சொன்னார். "ஐயா, உங்கள் மேல் சந்தேகம் இல்லை. போன அக்டோபரில் 500 டாலர் இழந்தவன் நான். கட்டணம் முழுவதையும் நானே தருகிறேன்." கட்டணம் ஏறத்தாழ 3 சதவீதம், 87 டாலர் கூட்டி 2,887 என்று பேசினார். பெரியவர் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். பிப்ரவரி 12 அன்று பணம் போனது, வங்கிக் கணக்கிலிருந்து இல்லாமல் கிரெடிட் கார்டிலிருந்து. அப்படிப் போனதில் அட்டை நிறுவனத்திடம் முறையிட இன்னொரு கதவும் திறந்திருந்தது.

பணத்தோடு போகும் குறிப்பில் நண்பர் எழுதியது: "1965 லுட்விக் சூப்பர் கிளாசிக், மூன்று டிரம்களும் அசல் ராப், கூடுதல் ஓட்டை இல்லை." எழுதச் சொன்னது நான். அப்போது அதை ஒரு சடங்காகத்தான் நினைத்தேன்.

பெட்டிகள் வந்த நாள்

பிப்ரவரி 26 அன்று பெட்டிகள் வந்தன. மூன்று பெட்டி என்று பேசியது, வந்தது இரண்டு. செலவை மிச்சப்படுத்த, அன்றைக்குக் கழலாத திருகுகளை எப்படியோ கழற்றி, டாமை ஃப்ளோர் டாமுக்குள் வைத்து அனுப்பியிருந்தார். நடுவில் பழைய போர்வை. டாமின் லக் உரசி ஃப்ளோர் டாமின் உள்பூச்சில் இரண்டு கீறல். அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெட்டி திறப்பதை நண்பரின் மகன் போனில் முழுக்கப் பதிவு செய்தான்.

பேஸ் டிரம்மில் ஒரு லக்கைக் கழற்றினேன். அடியில் பளிச்சென்று வெள்ளி, சுற்றிலும் மஞ்சள். டாமிலும் அப்படித்தான். அப்புறம் ஃப்ளோர் டாம். முதல் லக்கின் அடியில் தடமே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. உள்ளே தேதி முத்திரையும் இல்லை, ஆனால் அது எல்லா டிரம்மிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பேட்ஜ்தான் காட்டிக்கொடுத்தது. லுட்விக் பேட்ஜைப் பிடித்திருக்கும் வளையமே டிரம்மின் காற்றுத் துளையாகவும் இருக்கும். இதில் அந்த வளையம் மற்ற இரண்டையும் விடப் பெரிதாக, புதிதாக இருந்தது, விளிம்பில் சுத்தியல் தடம். யாரோ ஒரு காலத்தில் வேறொரு ஃப்ளோர் டாமின் ராப்பை உரித்து, கிட்டத்தட்ட இதே நிறத்தில் ஒட்டி, பேட்ஜை மாட்டி, செட்டைப் பூர்த்தி செய்திருக்கிறார்கள். நல்ல வேலைதான். டிரம் நன்றாகவே ஒலித்தது. ஆனால் அசல் இல்லை.

பேச்சும் புகாரும்

மறுநாள் நண்பர் பெரியவருக்கு எழுதினார். குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், மூன்று லக்குகளின் அடியில் எடுத்த படங்களை அருகருகே வைத்து அனுப்பினார். பதில் இல்லை. ஒன்பது நாள் மௌனம். பத்தாவது நாள் ஒரு வரி வந்தது: "நான் ஏமாற்றுக்காரன் இல்லை. என் அண்ணன் வாங்கியது அப்படியே இருக்கிறது."

இரண்டும் உண்மையாக இருக்கலாம். அண்ணன் எழுபதுகளில் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்று இங்கே எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. பெரியவர் மனம் நோகும், இன்னும் பொறுக்கலாம் என்றார் நண்பர். நான் பொறுக்கக் கூடாது என்றேன். மார்ச் 9 அன்று பேபாலில் பிரச்சினையைப் பதிவு செய்தார். அதன் நடைமுறை இரண்டு கட்டம். முதலில் இருவரும் பேசித் தீர்க்க வாய்ப்பு. 20 நாளுக்குள் தீராவிட்டால் அதை முறையான கோரிக்கையாக உயர்த்த வேண்டும். உயர்த்தாமல் விட்டால் தானாகவே மூடிவிடும். மூடியதை மறுபடி திறக்க முடியாது. இது தெரியாமல் "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று நாளைக் கடத்தி உரிமையை இழந்தவர்கள் உண்டு. நண்பர் மார்ச் 27 என்று நாட்காட்டியில் சிவப்பு மையில் குறித்து வைத்தார்.

பதிவு செய்த இரண்டாம் நாள் பெரியவரின் பேத்தி கூப்பிட்டாள். தாத்தாவுக்குக் கோபம், ஆனால் படங்களை நான் பார்த்தேன், வித்தியாசம் எனக்கும் தெரிகிறது என்றாள். அவள் இல்லையென்றால் இது எப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முழுவதையும் திருப்பி அனுப்பிப் பணத்தை வாங்கிக்கொள்வது ஒரு வழி. நண்பருக்கு அதில் விருப்பமில்லை. பேஸ் டிரம்மும் டாமும் அவர் மனதுக்குப் பிடித்துவிட்டன. ஃப்ளோர் டாம் ஒன்றுக்கு மட்டும் 600 குறைக்கச் சொன்னார். 550க்கு ஒத்து வந்தது. மார்ச் 21 அன்று பேபால் வழியாகவே பணம் திரும்பியது. அது கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் பிரச்சினையை மூடினார். அதற்கு முன் மூடச் சொல்லிப் பெரியவர் இரண்டு முறை கேட்டிருந்தார், கெட்ட எண்ணத்தில் இல்லை, அந்த மின்னஞ்சல்கள் அவரை உறங்கவிடவில்லை. கொஞ்சம் கடினமாக இருந்தாலும் நண்பர் பணம் வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லிவிட்டார்.

பணத்தோடு எழுதிய அந்தக் குறிப்பு இந்த நேரத்தில்தான் உதவியது. ராப் பற்றிப் பேசியதெல்லாம் வீடியோவில், வாய்வார்த்தையாக. விளம்பரத்தில் இருந்ததோ "எல்லாமே அசல்" என்ற பொதுவான வாசகம். "மூன்று டிரம்களும் அசல் ராப்" என்பது எழுத்தில் இருந்தது அந்தக் குறிப்பில் மட்டும்தான். பெரியவர் அதைப் படித்துவிட்டுத்தான் பெட்டியை அனுப்பியிருந்தார்.

முடிவு

செட்டுக்குக் கடைசியில் ஆனது 2,337 டாலர். அக்டோபரில் போன 500ஐச் சேர்த்தால் 2,837. ஒதுக்கிய 3,000க்குள்தான், ஆனால் நண்பர் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 500ஐத் தனியாகத்தான் நினைக்கிறார்.

பெரியவர் ஈஸ்டருக்கு ஒரு வாழ்த்து அனுப்பினார். அண்ணன் அந்த டிரம்மோடு உட்கார்ந்திருக்கும் பழைய படம் ஒன்றும் கூடவே வந்தது. படம் கறுப்பு வெள்ளை. ஃப்ளோர் டாமின் நிறம் அதில் தெரியவில்லை.

மறுபடி செய்தால்

முதல் முயற்சியில் மாற்ற வேண்டியது எளிது. "தேவை" விளம்பரத்துக்கு "என் நண்பரிடம் இருக்கிறது" என்று வரும் பதிலுக்கு மின்னஞ்சல் போடவே கூடாது. படங்களைத் தேடிப் பார்ப்பதை முன்பணத்துக்கு முன்னால் செய்ய வேண்டும். பெயரெழுதிய தாள் போதாது, அதைப் படத்தில் ஒட்டிவிடலாம். சாவியைப் பேட்ஜ் மேல் இந்தப் பக்கம் பார்த்து வை, மூன்றாவது லக்கின் திருகைப் பாதி கழற்றிக் காட்டு என்று கேட்டால் டிரம் கையில் இல்லாதவன் தடுமாறுவான். பெறுபவர் பெயர் வேறாக இருந்தால் பேரம் அங்கேயே முடிந்தது.

இரண்டாவதில் மாற்ற வேண்டியதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அங்கே கெட்டவர் யாரும் இல்லை. ஃப்ளோர் டாமின் திருகுகள் கழலவில்லை என்றதும் "பரவாயில்லை" என்று சொன்னது எங்கள் தப்பு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்துக் கழற்றச் சொல்லியிருக்கலாம். மூன்று டிரம்களிலும் ஒரு லக்கையாவது கழற்றி அதன் அடியில் படம் கேட்டிருக்கலாம். தோல் கழன்ற பிறகு விற்பவருக்கு அது சில நிமிட வேலை. அப்போதே தெரிந்திருந்தால் 550ஐ விலையிலேயே குறைத்திருக்கலாம், பெரியவரின் தூக்கமும் கெட்டிருக்காது. எழுத்தில் வாங்க வேண்டியதை வீடியோவில் பேசி விட்டதும் தப்புதான். ஒரு குறிப்பு காப்பாற்றியது, அது தற்செயல்.

பணம் அனுப்பிய வழியை மட்டும் நான் மாற்ற மாட்டேன். 87 டாலர் அதிகம் என்று நண்பரின் மனைவி இன்றும் சொல்கிறார். ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலியில் போயிருந்தால் பெரியவர் 550ஐத் தந்திருப்பாரா என்று நண்பரிடம் கேட்டேன். "பேத்தி தந்திருப்பா அண்ணே" என்றார்.

ஏப்ரலில் தன் பழைய செட்டை விற்கப் போட்டபோது அவருக்கே இன்னொரு வகை மோசடி வந்தது. வாங்குபவர் விலையை விட 800 டாலர் அதிகமாக வங்கிக் காசோலை அனுப்புகிறாராம், மிச்சத்தைச் சரக்கு எடுக்க வரும் ஆளிடம் கொடுக்க வேண்டுமாம். அந்தக் காசோலையைக் கணக்கில் போட்டால் ஓரிரு நாளில் பணம் வந்த மாதிரி தெரியும். போலி என்று தெரியவர வாரங்கள் ஆகலாம், அதற்குள் மிச்சம் போயிருக்கும். இதை அவர் என்னிடம் கேட்கவே இல்லை. பதிலும் போடவில்லை.

இப்போது சில்வர் ஸ்பார்க்கிளில் அசல் 16 அங்குல ஃப்ளோர் டாம் ஒன்று மட்டும் தேடிக்கொண்டிருக்கிறார். மே மாதம் நடந்த ஒரு பழைய டிரம் கண்காட்சிக்கு இருவரும் போனோம். ஒன்று இருந்தது. லக்கைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதும் கடைக்காரரே ஸ்க்ரூடிரைவரை நீட்டினார். அடியில் வெள்ளி. உள்ளே டார்ச் அடித்தால், டிரம்மின் கால்களை மாட்டும் இடத்தில் இரண்டு கூடுதல் ஓட்டை. விலை பேசிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.